ஆனிமேரி வாசிக்காத கார்டுகள்

லாசருக்குக் கண் தெரியாது என்பதை அவரோடு பேசுகிறவர்கள் ஐந்து நிமிஷத்தில் மறந்துவிடுவார்கள். அவர் மனைவி ஆனிமேரி மட்டும், கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மறந்ததில்லை. அப்படி மறக்காமல் இருந்ததுதான் கடைசியில் வினையாகப் போயிற்று.

பசுமலையில் ஒரு கல்லூரியில் அவர் டெலிபோன் ஆபரேட்டர். கல்லூரிக்குள் இருக்கும் அத்தனை எக்ஸ்டென்ஷன் நம்பரும் அவர் மண்டைக்குள் இருக்கும். போன வருஷம் ஒருமுறை கூப்பிட்டவர் இந்த வருஷம் மறுபடி கூப்பிட்டு ‘ஹலோ’ என்றதும், “என்ன சார், உசிலம்பட்டியிலருந்தா?” என்று கேட்டு அவரைத் திடுக்கிட வைப்பார். ஆனிமேரிக்கு அதே பசுமலையில் மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வாடகை வீடு, மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒரு வேப்பமரம். தொட்டிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி கட்டியிருக்கும். பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்த இரண்டு பேர், துணி காயப்போடும் கம்பி என்று நினைத்து அதில் லுங்கியைப் போட்டு லாசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அது அவருடைய ஏரியல்.

லாசர் ஒரு ஹாம். அதாவது, அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே ரேடியோ கருவி வைத்துக்கொண்டு, உலகத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும் இன்னொரு லைசென்ஸ்காரரோடு பேசுகிறவர். இதில் சம்பாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. பேசுகிற சந்தோஷம் மட்டும்தான். அவர் வாயால் பேசுவதும் குறைவு. தந்தி ஆபீசில் இருப்பதுபோன்ற பித்தளைச் சாவியை விரலால் தட்டித்தான் பேசுவார். டிட், டா என்று கேட்பவர்களுக்கு அது வெறும் சத்தம், அவருக்கு அது மோர்ஸ் எழுத்து. தொண்ணூறாம் வருஷம் அந்தப் பரீட்சையைக் கேள்வித்தாளை இன்னொருவர் வாசிக்கக் கேட்டு எழுதினார். மோர்ஸ் பரீட்சையில் மட்டும் உதவி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பரீட்சை நடத்தியவர் அனுப்பிய வேகம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் விரைவாக அனுப்பலாமே என்று கேட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஹாம்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரோடு முதல் தடவை பேசினால், இன்ன தேதி, இன்ன நேரத்தில் உம்மோடு பேசியது உண்மை என்று ஒரு கார்டு அச்சடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். அவரும் தன் நோட்டைப் பார்த்து, தேதியும் நேரமும் ஒத்துப்போனால் பதில் கார்டு அனுப்புவார். அந்த நோட்டுக்கு லாக் என்று பெயர். கார்டு வந்தால்தான் அந்த நாட்டோடு பேசினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நூறு நாட்டுக் கார்டு சேர்ப்பது என்பது ஹாம்கள் வாழ்க்கை பூராவும் பாடுபடுகிற விஷயம். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு ரப்பர் ஸ்டாம்பில் மூன்று வார்த்தை வரும்: ‘எங்கள் லாகில் இல்லை.’ மரியாதையான வார்த்தைதான். ஆனால் அதற்கு அர்த்தம், ஐயா, நீர் சொல்வதை நம்ப முடியவில்லை என்பதுதான்.

லாசரின் லாகை எழுதுவது ஆனிமேரி. காலை நாலரை மணிக்கு இருவரும் எழுந்துவிடுவார்கள். அவள் அடுப்பில் காப்பிக்கு வைத்துவிட்டு நோட்டோடு அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவாள். காதில் ஹெட்போனும் விரலுக்கடியில் சாவியுமாக அவர் இருப்பார். பேசி முடித்ததும் மூடியைத் திறந்து கைக்கடிகாரத்தின் முள்ளைத் தடவிப் பார்ப்பார். ஹாம்கள் உலகம் முழுக்க ஒரே நேரத்தைத்தான் எழுதுவார்கள். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். அந்தக் கணக்கை அவர் மனசுக்குள்ளேயே போட்டு, “இருபத்திமூணு இருபது” என்பார். அவள் எழுதிக்கொள்வாள். நாட்டையும் பெயரையும் அவர் சொல்வார். தேதியை அவளே போட்டுக்கொள்வாள். அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

முதல் வெளிநாட்டுக் கார்டு வர ஏழு மாதம் ஆயிற்று. தொண்ணூற்றொன்று செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, தபால்காரர் மொக்கையன் வாசலிலிருந்தே, “சார், அயர்லாந்துலருந்து!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். லாசர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். துடைத்த கையை நீட்டிக் கார்டை வாங்கி, நான்கு ஓரத்தையும் தடவிவிட்டு அவளிடம் கொடுத்தார்.

“வாசி மேரி. மெதுவா.”

ஆனிமேரி பார்த்தாள். ஒரு பக்கம் கலங்கரை விளக்கத்தின் படம். மறுபக்கம் சிவப்பு ஸ்டாம்ப். அதற்குக் கீழே கையெழுத்தில் ஏதோ நாலு வரி. அவள் ஸ்டாம்பைத் தாண்டிப் படிக்கவில்லை. எதிரே நிற்கிற மனிதரின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திடம் போய் இதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

“லாசருக்கு, உங்களோட பேசுனதுல ரொம்ப சந்தோஷம். உறுதி செய்றேன். அன்புடன் பேட்ரிக்னு எழுதிருக்காரு” என்று வாசித்தாள்.

லாசர் பிரெயில் ஊசியால் ‘அயர்லாந்து’ என்று ஒரு பட்டையில் குத்தி, அதைக் கார்டின் மேல் மூலையில் ஒட்டி, பிஸ்கட் டப்பாவில் முதல் கார்டாக வைத்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடும்போது பாட்டுப் பாடினார். ஆனிமேரி அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு பொய் சொன்னால் அது தனியாக இருந்துவிடாதே. அடுத்த பதினாலு வருஷத்தில் வந்த கார்டுகளில் பெரும்பாலானவை நல்ல கார்டுகள்தான். அதனால்தான் அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. நடுநடுவே ஒன்று சிவப்பு ஸ்டாம்போடு வரும். ஒவ்வொன்றையும் அவள் ‘உறுதி செய்கிறேன்’ என்றே வாசித்தாள். அவரும் ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே பட்டை ஒட்டினார். மை விரலுக்குத் தட்டுப்படாது. மொத்தம் முப்பத்தேழு. கணக்கு அவளுக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து இரண்டில் மதுரை ஹாம் நண்பர்கள் ஒரு சின்னக் கூட்டம் போட்டு, நூறு நாடு பிடித்த லாசருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆனிமேரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள். வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ராமதாஸ் வந்தார். பழங்காநத்தத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக்காரர், அவரும் ஹாம்தான், லாசரிடம் உயிரையே வைத்திருப்பவர். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தட்டித் திருத்தி ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வந்து இறக்கினார்.

“அண்ணே, இனிமே தபாலுக்குக் காத்துக்கெடக்க வேணாம். நெட்லயே கார்டு மாத்திக்கலாம். நம்ம லாகை ஏத்திவிட்டா, அந்தாளு லாகோட ஒத்துப்பாத்து சரின்னா சரின்னு வரும், இல்லைன்னா இல்லைன்னு வரும். அதைவிடப் பெரிய விசயம் ஒண்ணு இருக்கு. இதுல ஒரு புரோகிராம் போட்டிருக்கேன், திரையில இருக்க எழுத்தை அதுவே வாசிக்கும். உங்க கார்டை நீங்களே கேட்டுக்கலாம். அண்ணிக்கு லீவு விட்டுறலாம்.”

லாசருக்கு வந்த சந்தோஷத்தில் ராமதாஸின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கார்டைத் தானே படிக்கப் போகிறார். ஆனிமேரி சமையலறைக்குப் போய், சர்க்கரை போட்ட காப்பியிலேயே மறுபடி சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தாள். ராமதாஸ் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன்.

பழைய நோட்டெல்லாம் ஏற வேண்டுமே. பதினோரு நோட்டு. தினமும் சாயங்காலம் அவள் வாசிக்க, அவர் தட்டச்சு செய்தார். முதல் நோட்டில் பிப்ரவரி மாதம் வந்தபோது அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த அயர்லாந்து வரியை விட்டுவிட்டால்? முப்பத்தேழு வரியையும் விட்டுவிட்டால்? அவள் ஜப்பானிலிருந்து நேராக இத்தாலிக்குப் போனாள்.

லாசரின் விரல் நின்றது.

“நடுவுல அயர்லாந்து ஒண்ணு இருக்கணுமே மேரி. நம்ம மொதக் கார்டு.”

“ஆமா... வரி மாறிப்போச்சு” என்று சொல்லி அதை வாசித்தாள். அதற்குப் பிறகு எதையும் விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எல்லாவற்றையும் ஏற்றி மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, லாசர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மெஷின் மூக்கால் பேசுகிற இங்கிலீஷில் ஆரம்பித்தது. ஜெர்மனி, உறுதி. ரஷ்யா, உறுதி. போலந்து, லாகில் இல்லை. லாசர் முகத்தைச் சுளித்தார். ஏதோ ஒருவர் கவனக்குறைவு. இத்தாலி, லாகில் இல்லை. சைப்ரஸ், லாகில் இல்லை. மெஷினுக்கு ஏது தயவு தாட்சண்யம்? அது ஒரே குரலில் சொல்லிக்கொண்டே போயிற்று. அறுபத்திரண்டு பேர் அவரை நம்ப முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

அவர் ஸ்பீக்கரை நிறுத்தினார்.

“சைப்ரஸ் கார்டு நம்ம டப்பாவுல இருக்கே. தொண்ணூத்தஞ்சுல வந்துச்சு. உறுதி செய்றேன்னு எழுதிருக்காருன்னு நீதான வாசிச்ச? அதே ஆளு எப்படி இப்ப இல்லைங்கிறாரு?”

ஆனிமேரிக்கு அப்போது பொய் சொல்ல இன்னொரு வழியும் இருந்தது. மெஷின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். ராமதாஸ் தலையில் போட்டிருக்கலாம். அவள் எழுந்துபோய் பிஸ்கட் டப்பாக்களை எடுத்துவந்தாள். அறுநூறு கார்டுகளுக்குள் கையை விட்டு, தேடாமல், தயங்காமல், ஒவ்வொன்றாக உருவி அவர் மடியில் வைத்தாள். முப்பத்தேழு. அவள் உருவிய வேகத்திலேயே லாசருக்குப் பாதி விளங்கிவிட்டது.

“இதெல்லாம் இல்லைன்னு வந்த கார்டுங்க. நாந்தான் மாத்தி வாசிச்சேன். மொதக் கார்டுலருந்தே.”

அவர் ஒவ்வொரு கார்டிலும் தான் ஒட்டிய பட்டையைத் தடவிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இதுல தனி நாடு எம்புட்டு?”

“நாலு. மத்ததுக்கெல்லாம் வேற நல்ல கார்டு இருக்கு.”

“அப்பன்னா நூறு இல்ல. தொண்ணூத்தாறு.”

அடுத்த ஒரு வாரமும் அவர் நாலரைக்கு எழுந்திருக்கவில்லை. அவள் காப்பி கொடுத்தால் வாங்கிக்கொண்டார், சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். டெலிபோனில் ஊராரோடு பேசிச் சம்பாதிக்கிற மனிதர் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஹாம் நண்பர்கள் கூட்டத்துக்கு அவளையும் வரச் சொன்னார். போகும்போது பீரோவிலிருந்து பொன்னாடையை எடுக்கச் சொன்னார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போன ஆனிமேரிக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். எல்லோர் முன்னாலும் தன் பெயர் வரும் என்று நினைத்தாள். வரட்டும், வரவேண்டியதுதான் என்றும் நினைத்தாள்.

லாசர் எழுந்து நின்று, “எனக்கு நூறு நாடுன்னு போர்த்துனீங்க. எண்ணிப் பாத்ததுல தொண்ணூத்தாறுதான். என் லாகுல தப்பு இருக்கு. என்ன தப்புன்னு இன்னும் தெரியல. இது என்கிட்ட இருக்கக்கூடாது” என்று சொல்லி, மடித்த பொன்னாடையை மேஜையில் வைத்தார்.

ராமதாஸ் பதறிப்போனார். “அண்ணே, என்னண்ணே இது, நாலு கார்டுல என்ன வந்துச்சு? யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்ல தம்பி” என்றார் லாசர்.

என் லாகில் தப்பு என்றுதான் சொன்னார். எழுதியது யார், வாசித்தது யார் என்பதெல்லாம் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ‘என்’ என்றுதான் சொன்னார். நூறு நாட்டுக்காக அவரை மெச்சியவர்கள் மெச்சட்டும். ஆனிமேரி அந்த மனிதரைப் பார்த்துப் பெருமையில் அழுதது தொண்ணூற்றாறுக்குத்தான்.

அன்று சாயங்காலம் அவள் முப்பத்தேழு கார்டையும் எடுத்துக்கொண்டு வந்து, அவர் எதிரில் அதே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“உள்ளது உள்ளபடி வாசிக்கிறேன். கேப்பீங்களா?”

அவர் எழுந்து போகவில்லை. அவள் அயர்லாந்துக் கார்டிலிருந்தே ஆரம்பித்தாள். ஸ்டாம்பை வாசித்தாள். பிறகு, பதினாலு வருஷமாகத் தான் தாண்டிப் படிக்காத அந்த நாலு வரி கையெழுத்தை வாசித்தாள்.

“என் லாகில் இந்தத் தேதியில் நீங்கள் இல்லை. ஆனால் இதே நிமிஷத்தில், முந்தின நாள், ஓர் இந்தியர் என்னோடு பேசினார். அவர் கைத்தட்டு மிக அழகு. அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நாளைத் தொலைத்தது நீங்களா, நானா? தயவுசெய்து எழுதுங்கள்.”

லாசர் நிமிர்ந்தார். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் அசைந்தது.

“முந்தின நாளா? அதுல நேரம் என்ன?”

“இருபத்திமூணு இருபது.”

“அடுத்த கார்டு?”

“இருபத்திமூணு அஞ்சு. அதுக்கடுத்தது இருபத்திமூணு நாப்பது. இதுவும் இருபத்திமூணுதான்...” சீட்டுக் கட்டு மாதிரி கார்டுகளைத் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் இருபத்திமூன்று.

“மேரி, நீ லாகுல தேதிய எதைப் பாத்து எழுதுவ?”

“காலண்டரைப் பாத்துத்தான்.”

“காலண்டர் தாளை எப்பக் கிழிப்ப?”

“எந்திரிச்ச உடனே. நாலரைக்கு.”

லாசர் தன் நெற்றியில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டார். “நம்ம அஞ்சரை மணி வரைக்கும் ஹாம் நேரத்துல நேத்துதான் மேரி! நேரத்தை மட்டும் அந்தக் கணக்குல சொன்னேன், தேதிய உங்கிட்டச் சொல்லவே இல்லையே. நீ இன்னைக்குத் தேதியப் போட்டுருக்க. அஞ்சரைக்கு முன்னாடி பேசுன அம்புட்டும் ஒரு நாள் தள்ளிப்போச்சு!”

முதலில் சிரித்தது அவரா அவளா என்று இப்போது இருவருக்குமே ஞாபகம் இல்லை. சிரிப்பு அடங்கியதும் அவள்தான் கேட்டாள்.

“அன்னைக்கே இந்தக் கார்டை ஒழுங்கா வாசிச்சிருந்தா, அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல?”

“ஆமா” என்றார் லாசர். பரவாயில்லை, விடு என்றெல்லாம் சொல்லவில்லை. அவள் முகம் வாடும் என்று மாற்றிச் சொல்லவும் இல்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் நாலரைக்கு இரண்டு பேரும் எழுந்தார்கள். ஐந்தரைக்கு முன்னால் பேசிய எண்ணூற்றுச் சொச்சம் வரிகளையும் அவள் வாசிக்க வாசிக்க, அவர் ஒவ்வொன்றிலும் ஒரு நாளைக் குறைத்து மறுபடி ஏற்றினார். தப்பு எங்களுடையது, மன்னிக்கவும் என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதினார். மூன்று வாரத்தில் சைப்ரஸ் வந்தது. இன்னும் இரண்டு நாடுகள் வந்தன. தொண்ணூற்றொன்பது. பாக்கி அயர்லாந்து. பேட்ரிக்குக்கு நெட்டில் கணக்கே இல்லை. ஆனிமேரி பழைய கார்டிலிருந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதினாள். நாளைத் தொலைத்தது நாங்கள், பதில் எழுதாதது நான் என்று எழுதிவிட்டு, என்ன எழுதினேன் என்பதை லாசருக்கும் வாசித்துக் காட்டினாள். பதினாலு வருஷத்துக்கு முன்னாலேயே அவருக்கு என்ன வயதோ. அங்கே படிக்க ஆள் இருக்குமா என்பதுதான் இருவருக்கும் கவலை. இரண்டு மாதம் மொக்கையனின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

தபாலில்தான் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு சாயங்காலம், அவள் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது, மெஷின் மூக்கால் சொல்லிற்று: அயர்லாந்து. பேட்ரிக். உறுதி. ஒரு செய்தி இருக்கிறது.

ஆனிமேரி பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். மெஷின் செய்தியை வாசிக்கத் தொடங்குமுன் லாசர் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். ஸ்டூலைக் காலால் தேடி அவள் பக்கம் தள்ளினார்.

“வாசி மேரி. மெதுவா.”

அவள் உட்கார்ந்தாள். திரையில் ஒன்பது வரி இருந்தது. ஒருமுறைகூடக் கண்ணால் ஓட்டிப் பார்க்காமல், முதல் எழுத்திலிருந்தே வாய்விட்டு வாசித்தாள்.

“அன்புள்ள லாசர், உங்கள் மனைவியின் கடிதம் கிடைத்தது. எனக்கு எண்பத்துநான்கு வயது. இந்தக் கம்ப்யூட்டர் கார்டை எனக்குக் கண்டாலே ஆகாது. உங்களுக்குச் சீக்கிரம் பதில் போக வேண்டும் என்பதற்காக இப்போதுதான் கற்றுக்கொண்டேன். அந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உறுதி செய்கிறேன். நீங்கள் பதில் போடாததில் பல வருஷம் எனக்குக் கோபம் இருந்தது...”

இங்கே அவள் குரல் நின்றது. அடுத்த வரி அவளைப் பற்றியது. ஆனிமேரி மூச்சை இழுத்துக்கொண்டு வாசித்தாள்.

“என் கேள்வியை மறைத்தது உங்கள் மனைவி என்று இப்போது தெரிகிறது. அது பெரிய தப்பு. அதைத் தானே எழுதி ஒப்புக்கொண்ட அந்தப் பெண்மணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.”

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“எதையும் விடலையே?”

“ஒரு எழுத்துகூட விடல.”

லாசர் பட்டையை எடுத்து, ‘அயர்லாந்து, நூறு’ என்று ஊசியால் குத்தினார். நெட்டில் வந்த கார்டில் பட்டையை எங்கே ஒட்டுவது? பிஸ்கட் டப்பாவைத் தடவித் திறந்து, சிவப்பு ஸ்டாம்ப் போட்ட அந்தப் பழைய கலங்கரை விளக்கக் கார்டை எடுத்து, முன்பு ஒட்டிய பட்டைக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். ராமதாஸ் போட்டுக்கொடுத்த புரோகிராம் இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது. கல்லூரிச் சுற்றறிக்கை, கரண்ட் பில் எல்லாம் அதுதான் வாசிக்கிறது. கார்டு வந்தால் மட்டும் அதன் வாயை அடைத்துவிடுவார்கள். கார்டை ஆனிமேரிதான் வாசிக்க வேண்டும்.